தகர ராஜா வீட்டு வெள்ளி

எக்கார்ட் வேலிங்குக்கும் நாற்காலிக்கும் ஒத்துவராது. முப்பத்தெட்டு வருடம் லாரி ஓட்டியவர். இத்தனை வருடம் உட்கார்ந்துதானே பிழைத்தாய் என்று யாராவது கேட்டால், "உக்காந்தா இருந்தேன்? ஓடிட்டில்ல இருந்தேன்" என்பார். இதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்து, லாரி உரிமத்தைத் திருப்பிக் கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. காலை ரொட்டியைச் சமையலறை ஜன்னலோரம் நின்றபடியேதான் தின்பார். கட்டாயத்துக்கு உட்கார்ந்தாலும் மேஜைக்கு அடியில் வலது கால் பிரேக்கைத் தேடி அழுத்திக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் மனைவி மார்லீஸ் ஒரு பழைய கம்பளித் துண்டைப் போட்டு வைத்திருக்கிறாள். தரை தேய்கிறதாம்.

அப்படிப்பட்ட மனிதரை ஒரே இடத்தில் பத்து நிமிடம் நிறுத்தி வைக்கிற பொருள் ஒன்று உண்டென்றால் அது பழைய பதக்கம்தான்.

அந்தப் பழக்கமும் லாரி கொடுத்ததே. ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் லாரி ஓடக்கூடாது. சனி இரவு எங்கே நிற்கிறதோ அங்கேயேதான் ஞாயிறு முழுக்க. தெரியாத ஊர், பூட்டிய கடைகள், தேவாலய மணி. எக்கார்ட் வண்டியைப் பூட்டிவிட்டு நடக்க ஆரம்பிப்பார். எந்த ஊரானாலும் எங்காவது ஒரு மைதானத்தில் பழம்பொருள் சந்தை கூடியிருக்கும். முதலில் வெறுமனே பார்த்தார். பிறகு துப்பாக்கி சுடும் சங்கங்களின் பதக்கங்களை மட்டும் கையில் எடுத்துப் பார்த்தார். அவர் பிறந்த பெர்க்ஹோல்டிலும் அப்படியொரு சங்கம் உண்டு. அவருடைய அப்பா ஒரு வருடம் மரப்பறவையின் இடது இறக்கையைச் சுட்டு வீழ்த்தி வாங்கிய பதக்கம் வீட்டுச் சுவரில் தொங்கியது. கம்பத்து உச்சியில் நிறுத்திய மரப்பறவையைத் துண்டு துண்டாகச் சுட்டு, கடைசித் துண்டை விழவைப்பவன் அந்த வருடத்து ராஜா. கிரீடத்துக்கு ஒரு பதக்கம், செங்கோலுக்கு ஒன்று, இறக்கைகளுக்கு ஒவ்வொன்று. எக்கார்டின் அப்பாவுக்கு ஆயுள் முழுக்க அந்த ஒற்றை இறக்கைதான்.

இப்போது ஜனங்கள் பிஸ்கட் டப்பாவிலும் கைக்குட்டையிலும் பதக்கங்களை முடிந்துகொண்டு எக்கார்டைத் தேடி வருகிறார்கள். அவர் முதலில் முன்பக்கத்தைப் பார்க்கமாட்டார். திருப்பிப் போடுவார். பின்பக்கத்தில் பிறை நிலாவும் பக்கத்தில் கிரீடமும் குத்தியிருந்தால் நல்ல வெள்ளி, நூற்று முப்பது நூற்று நாற்பது வருடத்துக்கு இந்தப் பக்கம் செய்தது. வெறும் எண் மட்டும் இருந்தால் அதற்கும் முந்தியது. பிறகு ஊசி, வளையம், நாடாவின் நிறம், விளிம்பில் செய்தவன் முத்திரை. படம் கடைசியில்தான். "படம் பொய் சொல்லும். முதுகு சொல்லாது" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. தன் கொள்ளுத்தாத்தா போரில் வாங்கிய வீரப்பதக்கம் என்று ஒருவர் கண்கலங்கிக் கொண்டுவந்து நீட்டியது, உருட்டுப்பந்துச் சங்கத்தின் மூன்றாம் பரிசாக முடிந்தது. எக்கார்ட் அதை மறைக்காமல் சொன்னார். அந்த மனிதர் ஒரு மாதம் இவரைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் போனார்.

போகட்டும். இது மார்ச் மாதம் நடந்த ஒன்றைப் பற்றியது.

மூன்று ஊர் தள்ளி ஒரு சந்தை. ஏதோ வீட்டைக் காலி செய்து கொண்டுவந்த சாமான்கள். ஒரு தகர டப்பா நிறையப் பொத்தான்கள். எக்கார்ட் கையை உள்ளே விட்டுத் துழாவினார். அரிசிப் பானைக்குள் கை விட்டதுபோல் இருந்தது. விரல் நுனியில் தட்டையான ஒன்று தட்டுப்பட்டது. வெளியே எடுத்தால் உள்ளங்கையளவு வெள்ளித் தகடு. மேலே பறவை, நடுவில் குறுக்காக இரண்டு துப்பாக்கி, கீழே ஒரு சக்கரம். எல்மெக்கே என்று, மார்லீஸ் பிறந்த, அவர் இப்போது குடியிருக்கிற ஊரின் பெயர். 1920. ஆள் பெயர் இல்லை.

எல்மெக்கேயில் பழைய காலத்து ராஜாக்கள் பெயர் பொறித்துக்கொள்ளவில்லை. தொழிலுக்கு ஓர் அடையாளம் போதும். தையல்காரனுக்குக் கத்தரிக்கோல், ரொட்டிக்காரனுக்கு முறுக்கின ரொட்டி. ஒவ்வொரு ராஜாவும் தன் முறைக்கு ஒரு வெள்ளித் தகடு கொடுப்பான். அவையெல்லாம் ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டு, அடுத்த ராஜாவின் தோளில் ஏறும். 1945இல் போர் முடியும் சமயத்தில் அந்தச் சங்கிலியைத் தோட்டத்தில் புதைத்து, பிறகு தோண்டி எடுத்தபோது சில தகடுகள் காணாமல் போயிருந்தன. எவை என்று எழுதிவைத்த நோட்டும் எரிந்துவிட்டது.

சக்கரம், 1920. எக்கார்டுக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது. எல்மெக்கே சுடும் சங்கத்தின் கூடத்தில் மாட்டிய ராஜாக்கள் பலகையில் 1920க்கு நேராக இருக்கும் பெயர் யோசஃப் கோர்டஸ். வண்டிச்சக்கரம் செய்தவர். இப்போதைய சங்கத் தளபதி லூட்கர் கோர்டஸின் தாத்தா.

கோர்டஸ் குடும்பத்துக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் உண்டு: தகர ராஜா வீடு. யோசஃப் கோர்டஸ் ராஜாவாக ஊரார் காசில் குடித்தாரே தவிர வெள்ளி கொடுக்கவில்லை என்பது கதை. கொடுத்தார், புதைத்த இடத்தில் தொலைந்தது என்பது குடும்பத்தின் பேச்சு. நூறு வருடமாக இரண்டும் மோதிக்கொண்டிருக்கின்றன. போதாக்குறைக்கு லூட்கரின் அப்பா கூரைக்குத் தகடு அடிக்கும் தொழிலுக்குப் போனார்; லூட்கரும் அதே பட்டறையில்தான். பள்ளிக்கூடத்தில் அவர் முதுகில் பையன்கள் தகர மூடியைக் கட்டிவிடுவார்களாம். அறுபத்து மூன்று வயதிலும், பீர் மேஜையில் யாராவது குவளையை ஆணியால் டிங் என்று தட்டினால் லூட்கர் திரும்பிப் பார்ப்பார்.

மார்ச் கூட்டத்தில் எக்கார்ட் தகட்டை மேஜைமேல் வைத்து இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். லூட்கர் எழுந்து போய்க் கூடத்தில் இருந்த எழுபது பேருக்கும் பீர் சொல்லிவிட்டு வெளியே மழையில் போய் நின்றார். அந்த மாதமே எக்கார்டைச் சங்கத்தின் வெள்ளிக் காப்பாளராக்கினார்கள். முந்தையவருக்கு முழங்கால் போய்விட்டது. ஜூலைத் திருவிழாவின் சனிக்கிழமை, கொட்டகையில் எல்லோர் முன்னிலையிலும் லூட்கர் பேசி, தாத்தாவின் தகட்டைச் சங்கிலியில் மாட்டுவது என்று முடிவாயிற்று.

திருவிழாவுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை எக்கார்ட் வங்கிப் பெட்டகத்திலிருந்து சங்கிலியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வெள்ளிக் காப்பாளராக முதல் முறை. சமையலறை மேஜையில் துணி விரித்து, சுண்ணாம்புப் பொடியும் பஞ்சும் வைத்துக்கொண்டு, நின்றபடியே ஒவ்வொரு தகடாகத் துடைத்தார். லாரி ஓட்டிய காலத்தில் வரிசையாகப் பாலங்களைக் கடப்பதுபோல் அது அவருக்குப் பிடித்திருந்தது. பலகையின் நகல் பக்கத்தில் இருந்தது. துடைக்கத் துடைக்கச் சரிபார்த்துக்கொண்டே வந்தார்.

கத்தரிக்கோல் போட்ட தகட்டில் 1912. பலகையில் தையல்காரர் 1911.

பிழை போலிருக்கிறது என்று அடுத்ததை எடுத்தார். ரொட்டி, 1913. பலகையில் ரொட்டிக்காரர் 1912. அடுத்தது லாடம், 1914. கொல்லர், பலகையில் 1913.

எக்கார்டின் வலது கால் தரையை அழுத்த ஆரம்பித்தது.

பெர்க்ஹோல்டில், பறவை விழுந்த வருடத்தைத்தான் தகட்டில் பொறிப்பார்கள். அவர் வளர்ந்தது அதைப் பார்த்து. ஏழு கிலோமீட்டர் தள்ளி எல்மெக்கேயிலோ, பழைய ராஜாக்கள் ஒரு வருடம் ஆண்டு முடித்து, அடுத்தவனிடம் சங்கிலியைக் கொடுக்கிற அன்றுதான் வெள்ளியைக் கொடுத்திருக்கிறார்கள். பொறித்தது கொடுத்த வருடம்.

அப்படியானால் 1920இல் வெள்ளி கொடுத்தவன், அந்த வருடம் ராஜாவானவன் அல்ல. அந்த வருடம் ராஜா பதவியை விட்டவன். பலகையில் கோர்டஸுக்கு முந்திய வரியைப் பார்த்தார். ஆன்டன் லோமன், 1914. நடுவில் ஆறு வருடம் போரும் பஞ்சமும், திருவிழா இல்லை. லோமன் மாவு ஆலைக்காரர்.

அவர் பொத்தான் டப்பாத் தகட்டை ஜன்னலுக்குக் கொண்டுபோய், முகத்துக்கு நேராக அல்லாமல் பக்கவாட்டில் சாய்த்து, லென்ஸை வைத்தார். சக்கரத்தின் வட்டத்துக்கு வெளியே, தேய்ந்து தேய்ந்து பல்லுப் போன ஈறுபோலச் சின்னச் சின்ன மொட்டைகள். தண்ணீரை வாங்கும் பலகைகள். அது வண்டிச்சக்கரம் இல்லை, நீராலைச் சக்கரம். பின்பக்கம் லேசாகக் குழிந்திருந்தது. பாதி வெட்டுப்பட்ட பிறை நிலா முத்திரை. பெரிய சூப்புக் கரண்டியைத் தட்டித் தட்டையாக்கிய வெள்ளி. இதை மார்ச்சிலேயே பார்த்திருந்தார். வண்டிச்சக்கரம் செய்தவன் வீட்டில் வெள்ளிக் கரண்டி ஏது என்று அப்போதே ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை ஓரம் கட்டிவிட்டு வேகமாகப் போய்விட்டார். முதுகு சொன்னதைக் கேட்காமல் படத்தைக் கேட்டிருக்கிறார்.

மார்லீஸ் கடையிலிருந்து வந்தபோது அவர் மேஜையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"உங்க ஊர்ல வெள்ளியில எந்த வருஷத்தைப் போடுவாங்க?" என்றார்.

"கொடுக்கற வருஷத்தை. பழைய ஆளுங்க அப்படித்தான் போட்டாங்க. இப்ப ரெண்டையும் போடறாங்க. ஏன்?"

"முப்பத்தி நாலு வருஷமா உன்கூட இருக்கேன். ஒரு தடவை சொன்னியா?"

"நீ கேட்டியா?"

அவர் சொல்லி முடிக்கும்வரை அவள் பையிலிருந்து சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். லோமன் 1916இல் போரில் செத்தவர், தேவாலயச் சுவரில் பெயர் இருக்கிறது, பிள்ளை கிடையாது, விதவை ஆலையை விற்றுவிட்டுப் போய்விட்டாள், ஆலை இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள் என்றெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஊர்க்காரிக்குத் தெரியாதா?

"விட்டுடு எக்கார்ட்," என்றாள். "கேக்க ஒரு ஆள் இல்ல. லூட்கர் சாகறதுக்குள்ள ஒரு நாள் நிம்மதியா குடிக்கட்டும்."

"எனக்குத் தெரியுமே."

"உனக்கு எத்தனையோ தெரியும். எல்லாத்தையுமா சொல்லிட்டுத் திரியற?"

அவர் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். தேவாலயச் சுவரில் பெயர் இருந்தது. அங்கிருந்து கார் நிறுத்துமிடம். ஓடையில் தண்ணீர் குறைவாக இருந்தது. அங்கிருந்து மைதானம். பையன்கள் கொட்டகை கட்டிக்கொண்டிருந்தார்கள், பீர்க் குழாய்களைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். எவனோ, "காப்பாளரே, வெள்ளி மின்னுதா?" என்று கூவினான். கையை ஆட்டிவிட்டு நடந்தார். லோமன் செத்தபிறகு அந்தச் சங்கிலி ஆலை வீட்டில் அந்தப் பெண்ணிடம்தான் இருந்திருக்கும். பஞ்ச காலத்தில் வெள்ளிக்கு ரொட்டி வாங்கலாம். ஒரு தகட்டையும் விற்காமல் ஆறு வருடம் வைத்திருந்து, கடைசியில் தன் கரண்டியை வேறு தட்டிக் கொடுத்திருக்கிறாள். செத்துப்போன புருஷனின் கடனாக. அதை எக்கார்ட் எடுத்து இன்னொருவன் பெயரில் எழுதிவிட்டார்.

புதன்கிழமையும் நடந்தார். பெர்க்ஹோல்ட் வரை நடந்துபோய் நடந்தே திரும்பினார். மருத்துவர் சொன்னது அரை மணி நேர நடை.

வியாழக்கிழமை காலை லூட்கரின் பட்டறைக்குப் போனார். லூட்கர் கூரை வாய்க்காலுக்கு நீளத் தகடு ஒன்றை மடித்துக்கொண்டிருந்தார்.

"என்னடா, சங்கிலி பளபளன்னு ஆச்சா?"

"ஆச்சு."

"அப்புறம் உன் மூஞ்சி ஏன் துடைக்காத பித்தளை மாதிரி இருக்கு?"

எக்கார்ட் மடிப்பு இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். இன்னொரு சுற்று.

"நில்லுடா. எனக்குத் தலை சுத்துது."

"அது உங்க தாத்தாவோடது இல்ல, லூட்கர்."

லூட்கர் தகட்டைக் கீழே வைக்கவில்லை. மடிப்பை முடித்தார். அளவுகோல் வைத்துப் பார்த்தார். பிறகு, "யாரு சொன்னா?" என்று கேட்டார்.

"நான்தான். மார்ச்லயும் நான்தான் சொன்னேன். அது தப்பு."

லென்ஸையும் தகட்டையும் நீட்டினார். லூட்கர் வாங்கவில்லை. எக்கார்ட் வருடக் கணக்கைச் சொன்னார், சக்கரத்தைச் சொன்னார், கரண்டியைச் சொன்னார், லோமனின் மனைவியைச் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் வேகமாகிக்கொண்டே போயிற்று.

"வேற யாருக்குத் தெரியும்?"

"மார்லீஸுக்கு. சொல்லாதேன்னுதான் சொன்னா."

"உங்க வீட்டுல ஒருத்தருக்காவது மூளை இருக்கு." லூட்கர் கையுறையைக் கழற்றினார். "லோமனுக்குன்னு யாராவது வந்து நிக்கப்போறாங்களா சனிக்கிழமை?"

"இல்ல."

"அப்ப யாருக்காகடா இதைத் தூக்கிட்டு வந்த?"

எக்கார்ட் தகட்டைத் திருப்பி, கரண்டியின் குழிவைக் கட்டைவிரலால் தடவினார்.

"சரி, இதைச் சொல்லு. எங்க தாத்தா குடுத்தாரா, குடுக்கலையா?"

"குடுத்திருந்தா அதுல 1921ன்னு இருக்கும். அது சங்கிலியில இல்ல. தொலைஞ்சிருக்கலாம். குடுக்காமயும் இருந்திருக்கலாம்."

"எல்லாம் தெரிஞ்சவனாச்சே நீ."

"கையில இருக்கறதைத்தான்டா சொல்ல முடியும். இல்லாததை எப்படிச் சொல்றது?"

"போயிடு," என்றார் லூட்கர். கத்தவில்லை. "வேலை கெடக்கு."

வெள்ளிக்கிழமை முழுக்கப் போன் வரவில்லை. காப்பாளராகத் தகட்டையும் சங்கிலியையும் கொண்டுபோய் மேடையில் வைப்பது எக்கார்டின் கடமை. மாட்டுவதும் பேசுவதும் தளபதியின் வேலை. லூட்கர் பழைய பேச்சையே பேசினால்? எழுந்து நின்று மறுப்பதா? எழுபது பேர் குடித்த பீர் அது. மறுக்காமல் உட்கார்ந்திருப்பதா? தனக்கு உட்காரவே தெரியாதே என்று நினைத்தபோது அவருக்கே கசப்பாகச் சிரிப்பு வந்தது. மார்லீஸ் உருளைக்கிழங்கு சாலட்டுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "நீ சொல்லியாச்சு. இனி அது அவன் சுமை," என்றாள். அவருக்கு அப்படித் தோன்றவில்லை.

சனிக்கிழமை மாலை கொட்டகை நிறைந்திருந்தது. பச்சைக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை. பித்தளை வாத்தியக்காரர்கள் ஓய்ந்தார்கள். எக்கார்ட் துணியில் வைத்துத் தகட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, மேடைக்குப் பக்கத்தில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். லூட்கர் தொப்பியைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். பார்த்தார். திரும்ப மடித்து உள்ளே வைத்தார்.

"மார்ச்ல நான் ஊத்தின பீரை யாரும் திருப்பித் தர வேண்டாம்," என்றார். "ஆனா அது தப்பான பேருக்கு ஊத்தினது."

கொட்டகையில் ஓர் அலை எழுந்து அடங்கியது. லூட்கர் பேச்சாளர் இல்லை. திக்கித் திக்கி லோமனைச் சொன்னார், ஆறு வருடத்தைச் சொன்னார். அந்தப் பெண்ணின் பெயரைத் தேவாலயப் பதிவில் போய்ப் பார்த்திருக்கிறார்: கிளாரா. வெள்ளிக்கிழமை போன் வராததற்குக் காரணம் அப்போதுதான் எக்கார்டுக்குத் தெரிந்தது. கிளாரா லோமனின் சூப்புக் கரண்டியை, லாடம் போட்ட தகட்டுக்கு அடுத்து, லூட்கர் தன் தடித்த விரல்களால் மாட்டினார். யாரோ தொப்பியைக் கழற்ற, வரிசையாக எல்லோரும் கழற்றினார்கள்.

பிறகு லூட்கர் கோட்டுப் பைக்குள் கைவிட்டு இன்னொரு தகட்டை எடுத்தார். மங்கலான சாம்பல் நிறம். தூரத்திலிருந்தே எக்கார்டுக்குத் தெரிந்துவிட்டது, அது எந்த உலோகம், எந்தப் பட்டறை என்று. பன்னிரண்டு ஆரம் வைத்த வண்டிச்சக்கரம், கீழே 1921.

"எங்க தாத்தா வெள்ளி குடுத்தாரான்னு எனக்குத் தெரியாது. எக்கார்டுக்கும் தெரியாதாம். அவனுக்கே தெரியாதுன்னா யாருக்கும் தெரியாது. அதனால இது தொங்கட்டும். வெள்ளி கெடைச்சா அன்னிக்குக் கழட்டிக்கலாம்."

முன்வரிசையில் ஒரு பழைய ராஜா, சங்கிலியில் வெள்ளி மட்டும்தான் ஏறலாம் என்று விதியை முணுமுணுத்தார். பின்வரிசையில் எவனோ குவளையில் டிங் என்று தட்டினான். லூட்கர் அந்தப் பக்கம் திரும்பினார். தன் குவளையை எடுத்து, தன் தகர ராஜாவின் தகட்டில் தானே ஒரு தடவை தட்டினார். அதற்குப் பிறகு எழுந்த சத்தத்தில் விதியை யாரும் கேட்கவில்லை.

நடப்பு ராஜாவின் தோளில் சங்கிலி ஏறியது, ஊர்வலம் கிளம்பியது. எக்கார்ட் சங்கிலிக்கு இரண்டடி பின்னால் நடந்தார். நூற்றுச் சொச்சம் வெள்ளித் தகடுகள் ஒரே குரலில் குலுங்க, நடுவில் ஒன்று மட்டும் ஒவ்வோர் அடிக்கும் கட்டையாகத் தட்டியது. வாத்தியங்களையும் மீறி அது அவருக்குக் கேட்டது. மைதானத்து வளைவில் லூட்கர், திரும்பிப் பார்க்காமலே, "அடுத்த தடவை முதுகைப் பாருடா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எக்கார்ட் கார்ச்சாவியை எடுத்தார்.

"பத்தரைக்கு ஊர்வலம்," என்றாள் மார்லீஸ்.

"அதுக்குள்ள வந்துடுவேன். அந்தப் பொத்தான் டப்பா வந்த வீட்டுச் சாமான் இன்னும் நாலு பெட்டி இருக்குன்னு சந்தைக்காரன் சொன்னான்."

நின்றுகொண்டே காபியை முடித்தார். எட்டு மணிக்கெல்லாம் அவர் கை முழங்கை வரை பொத்தான்களுக்குள் இருந்தது.